பெட்டி வருமுன் வந்த படம்

ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் உள்ள பெடனா, கலம்காரித் துணிக்குப் பேர்போன சின்ன ஊர். 2013 செப்டம்பரில் அது வேறொரு காரணத்துக்காகச் செய்திகளில் அடிபட்டது. பவன் கல்யாண் நடித்த ‘அத்தாரிண்டிகி தாரேதி’ படத்தின் டிவிடி அங்கே ஒரு கடையில் விற்பனைக்கு வந்திருந்தது. படம் தியேட்டருக்கு வர இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. செப்டம்பர் 22 அன்று படத்தின் முதல் பாதி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், இணையத்திலும் ஏறிவிட்டது.

திருட்டு விசிடி காலத்திலிருந்து நமக்குப் பழகிய கதை வேறு மாதிரி இருக்கும். முதல் நாள் முதல் காட்சியில் பின்வரிசையில் ஒருவர் கேமராவை ஒளித்து வைத்துப் படம் பிடிப்பார். பிறகு அந்தப் பிரதியைப் போட்டால், திரைக்குக் குறுக்கே யாராவது எழுந்து போவார்கள், ஹீரோ வரும்போது விசில் சத்தம் கேட்கும். பெடனாவில் கிடைத்த பிரதியில் இது எதுவும் இல்லை. அது தியேட்டரையே பார்த்திராத பிரதி. அதாவது, திருடன் டிக்கெட் எடுத்து உள்ளே வரவில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்தான்.

போலீஸ் விசாரணையில் வெளிவந்ததும் அதுதான். படத்தின் வேலைகளில் இருந்த ஓர் உதவியாளர் வழியாகப் பிரதி வெளியே போயிருக்கிறது. அவரிடமிருந்து ஒரு போலீஸ் கான்ஸ்டபிளுக்கு, அவரிடமிருந்து நண்பர்களுக்கு, அங்கிருந்து கடைசியில் கடைக்கு. சர்வதேசக் கும்பல் எதுவும் இல்லை, ஹேக்கர் இல்லை. ‘பார்த்துட்டுக் குடுத்துடு, யாருக்கும் காட்டாதே’ என்று கை மாறுகிற ரகம்தான்.

வெளியாகாத படம் லீக் ஆவதைப் புரிந்துகொள்ள, இந்தக் கைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபிலிம் சுருள் இருந்த காலத்தில் இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி நீளம். பதினைந்து ரீல்களுக்குப் பக்கம். நெகட்டிவ் லேபில் பூட்டிக் கிடக்கும். பிரிண்ட் தகரப் பெட்டியில் ரயிலிலும் பஸ்ஸிலும் ஊருக்கு வரும். ‘பெட்டி வந்துடுச்சா?’ என்று தியேட்டர் வாசலில் காத்திருந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திருடினால்கூட அதைப் போட்டுப் பார்க்க ஒரு புரொஜெக்டர் வேண்டும். எடையே ஒரு காவல்.

இப்போது முழுப்படமும் சட்டைப் பைக்குள் அடங்குகிறது. அதுவும் ஒரே ஒரு பிரதி இல்லை. எடிட் முடிந்ததும் டப்பிங்குக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று, சி.ஜி. எனும் கணினி வரைகலை செய்யும் நிறுவனங்களுக்குத் துண்டு துண்டாகச் சில, சவுண்டு மிக்சிங்குக்கு, சப்டைட்டில் எழுதுபவருக்கு, டிரெய்லர் வெட்டுபவருக்கு, சென்சாருக்கு, மற்ற மொழி டப்பிங்குக்கு, வெளிநாட்டு விநியோகஸ்தருக்கு, ஓடிடி நிறுவனத்துக்கு. ஐந்து மொழிகளில் ஒரே நாளில் வெளியாகும் பான் இந்தியாப் படம் என்றால் இந்த வரிசையை அப்படியே பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். பல வேலைகளை வெளி நிறுவனங்களும் தினக்கூலி ஆட்களும் இரவு பகலாகச் செய்கிறார்கள். ரிலீஸ் தேதி நெருங்க நெருங்க, யார் கையில் எந்த டிஸ்க் இருக்கிறது என்று கணக்கு வைக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. 2025 மே மாதம் ‘கண்ணப்பா’ படத்தின் சி.ஜி. காட்சிகள் இருந்த ஹார்டு டிஸ்க், மும்பையிலிருந்து ஹைதராபாத்துக்கு கூரியரில் வந்தபோது காணாமல் போனதாகத் தயாரிப்புத் தரப்பு போலீசில் புகார் கொடுத்தது. பல கோடி ரூபாய் உழைப்பு, கூரியர் கவரில்!

வேடிக்கை என்னவென்றால், தியேட்டர் பக்கத்துப் பூட்டு மிக நல்ல பூட்டு. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005-இல் வகுத்த விதிமுறைதான் உலகம் முழுக்க டிஜிட்டல் புரொஜெக்‌ஷனுக்கு அடிப்படை. அதன்படி தியேட்டருக்குப் போகிற படம் மறைகுறியாக்கப்பட்ட கோப்பு. அதைத் திறக்க கே.டி.எம். என்ற டிஜிட்டல் சாவி தனியாக வரும். அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு சர்வரில், குறிப்பிட்ட தேதிக்குள் மட்டுமே வேலை செய்யும். ரிலீஸ் அன்று பைனான்ஸ் பஞ்சாயத்து முடியாமல் காலைக் காட்சி ரத்தாகும்போது ‘இன்னும் கே.டி.எம். வரலை’ என்று சொல்கிறார்களே, அதே சாவிதான். போதாததற்கு, புரொஜெக்‌ஷனின்போதே கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்று படத்தில் பதிகிறது. திருட்டு கேமரா பிரதியை ஆராய்ந்தால் எந்தத் திரையில், எந்த நேரத்தில் எடுத்தது என்று சொல்லிவிடலாம். 2018-இல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், திருட்டுப் பதிவு நடந்ததாகச் சொல்லப்பட்ட 10 தியேட்டர்களுக்குப் புதுப்படம் கொடுப்பதில்லை என்று அறிவித்ததற்குப் பின்னால் இந்த அடையாளம்தான் இருந்தது. ஆக, முன்வாசலில் இரட்டைப் பூட்டு. பின்வாசலில் டப்பிங் ஸ்டூடியோவுக்குப் போகும் பிரதியில், திரையின் ஓரத்தில் நேரத்தைக் காட்டி ஓடும் எண்களும் (டைம்கோடு) ஒரு பெயரும் மட்டும். பல சமயம் அதுவும் இருக்காது.

எல்லாப் படமும் இந்தக் கைகளைக் கடந்துதான் வருகிறது, எல்லாமும் லீக் ஆவதில்லை. பெரிதாகப் பேசப்பட்ட மூன்று நான்கு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. அவை பெரும்பாலும் காத்துக் கிடந்த படங்கள்.

‘அத்தாரிண்டிகி தாரேதி’ 2013 ஆகஸ்ட் 7 அன்றே வந்திருக்க வேண்டியது. ஜூலை 30 அன்று தனித் தெலங்கானாவுக்குக் காங்கிரஸ் காரியக் கமிட்டி ஒப்புதல் கொடுத்தது. கடலோர ஆந்திராவும் ராயலசீமாவும் கொந்தளித்தன, படத்தைத் தள்ளி வைத்தார்கள். ‘மாஸ்டர்’ 2020 ஏப்ரலில் வரவேண்டிய படம். கொரோனாவால் தியேட்டர்கள் மூடி, 2021 பொங்கல் வரை காத்திருந்தது. ஜனவரி 13 ரிலீஸ் என்றால் 11-ஆம் தேதி இரவே அதன் சில காட்சிகள் சமூக வலைதளங்களில் சுற்றத் தொடங்கிவிட்டன. ‘ஒன்றரை வருட உழைப்பு, தயவுசெய்து பகிராதீர்கள்’ என்ற பொருளில் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் அன்றிரவே ட்விட்டரில் வேண்டுகோள் வைத்தார். ‘உட்தா பஞ்சாப்’ கதை இன்னும் விசித்திரம். 2016-இல் தணிக்கை வாரியத்தோடு சண்டை போட்டு, மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஜூன் 13 அன்று ஒரே ஒரு வெட்டோடு அனுமதி வாங்கினார்கள். ரிலீஸ் 17-ஆம் தேதி. 15-ஆம் தேதி படம் இணையத்தில் இருந்தது. திரையின் மூலையில் ‘சென்சாருக்காக’ என்ற ஆங்கில எழுத்தோடு! தங்கள் தரப்பிலிருந்து போகவில்லை என்றது வாரியம்.

யோசித்தால் காரணம் புரியாமல் இல்லை. முடிந்த படம் கிடப்பில் கிடந்தால் அதன் பிரதிகள் நாளுக்கு நாள் கூடும். வேலை முடித்தவர் வேறு படத்துக்குப் போய்விடுவார், அவர் கணினியில் கோப்பு அப்படியே கிடக்கும். இதற்கிடையில் வெளியே எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போகும். ‘நான் பார்த்துட்டேன்’ என்று சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டாகிவிடும். நிறையக் கசிவுகளுக்குப் பின்னால் பணத்தாசையைவிட இந்தப் பெருமைதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, லீக் ஆனால் என்ன ஆகிறது? ‘ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் கோடி நஷ்டம்’ என்று ஒரு எண் வரும். 2023-இல் இந்தியாவில் திருட்டுப் பிரதிச் சந்தையின் அளவு 22,400 கோடி ரூபாய் என்று ஒரு தொழில்துறை அறிக்கை மதிப்பிட்டது. இந்த மாதிரிப் பெரிய எண்களை நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன். ஓசியில் பார்த்தவர் எல்லாம் டிக்கெட் எடுத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைவிடப் பயனுள்ள எண் ஒன்று உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அமெரிக்கப் படங்களை எடுத்துக்கொண்டு, ரிலீசுக்குப் பிறகு திருட்டுப் பிரதி வருவதையும் முன்பே வருவதையும் ஒப்பிட்டது. முன்பே வந்தால் தியேட்டர் வசூல் சராசரியாக 19.1% குறைகிறது என்பது அதன் முடிவு. படத்துக்குப் படம் மாறும் என்றாலும், ஐந்தில் ஒரு பங்கு என்பது இலாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் இருக்கிற கோட்டைத் தாண்டவைக்கப் போதும்.

நம் ஊர்க் கணக்கில் இது இன்னும் சிக்கலானது. நம் பெரிய படங்கள் முதல் மூன்று நான்கு நாள் வசூலை நம்பி எடுக்கப்படுபவை. விநியோகஸ்தர் முன்கூட்டியே அட்வான்ஸ் கொடுத்திருப்பார், தயாரிப்பாளர் வட்டிக்கு வாங்கியிருப்பார். ரிலீசுக்கு முன் படம் வெளியே போய்விட்டால் முதலில் அடி வாங்குவது டிக்கெட் வசூல் இல்லை, பேரம். மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டியவர் ‘விலையைக் குறைங்க’ என்பார். அந்தப் பேச்சு முடியும்வரை பைனான்சியர் விடமாட்டார்.

இந்த இடத்தில் ‘அத்தாரிண்டிகி தாரேதி’க்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அது இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கியது. அக்டோபர் 9 என்று வைத்திருந்த தேதியை அவசரமாக முன்னால் இழுத்து, செப்டம்பர் 27 அன்றே வெளியிட்டார்கள். பவன் கல்யாண் ரசிகர்கள் இணையத்தில் இணைப்புகளைத் தேடித் தேடிப் புகார் கொடுத்து நீக்க வைத்தார்கள். ‘நம் ஹீரோ படத்தை அழிக்கப் பார்க்கிறார்கள்’ என்ற கோபம் கூட்டம் கூட்டமாகத் தியேட்டருக்கு வந்தது. ‘மகதீரா’ சாதனையைத் தாண்டி, அதுவரை வந்த தெலுங்குப் படங்களிலேயே அதிகம் வசூலித்தது அந்தப் படம். பிறகு சுந்தர் சி. இயக்கத்தில் சிம்பு நடித்து 2019-இல் ‘வந்தா ராஜாவாதான் வருவேன்’ என்று தமிழுக்கும் வந்தது.

‘பார்த்தீர்களா, லீக் ஆனால் விளம்பரம்தான்’ என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். கசிந்தது முதல் பாதி மட்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அத்தை வீட்டுக்குப் போன ஹீரோ கடைசியில் என்ன ஆனான் என்பது தியேட்டரில்தான் இருந்தது. ஒன்றரை மணி நேர டிரெய்லர் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது! அதோடு, கோபப்பட்டுக் கிளம்பி வர ஒரு ரசிகர் படை இருந்தது. 2016-இல் இந்தியில் ‘கிரேட் கிராண்ட் மஸ்தி’ முழுதாக லீக் ஆனது. அவர்களும் தேதியை ஒரு வாரம் முன்னால் கொண்டுவந்தார்கள், படம் படுத்துவிட்டது. லீக் ஆகாமல் இருந்தால் மட்டும் ஓடியிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் அதைக் காப்பாற்ற யாரும் கொடி பிடிக்கவில்லை. புதுமுக இயக்குநர், தெரியாத நடிகர்கள், வீட்டை அடமானம் வைத்த தயாரிப்பாளர் என்று ஒரு படம் லீக் ஆனால் அது செய்தியாகக்கூட வராது. அனுதாப அலை என்பது ஏற்கெனவே அலை இருப்பவர்களுக்கு.

ஓடிடிக்குப் போகும் படத்துக்கு இந்த அவஸ்தை குறைவு. 2021 ஜூலையில் ‘மிமி’ என்ற இந்திப் படம் குறித்த தேதிக்கு நான்கு நாள் முன்பே லீக் ஆனது. அன்றே நெட்ஃபிளிக்ஸிலும் ஜியோ சினிமாவிலும் திறந்துவிட்டார்கள், விஷயம் முடிந்தது. தியேட்டர் படத்தை அப்படி ராத்திரியோடு ராத்திரியாகத் திறக்க முடியாது.

காசு கணக்கில் வராத ஒரு சேதமும் உண்டு. 2009 மார்ச் 31 அன்று ஹாலிவுட்டின் ‘எக்ஸ்-மென் ஒரிஜின்ஸ்: வுல்வரின்’ படம், ரிலீசுக்கு ஒரு மாதம் முன்பு இணையத்துக்கு வந்தது. அது வேலை நடந்துகொண்டிருந்த பிரதி. சி.ஜி. முடியாத காட்சிகள், நடிகரைத் தூக்கும் கம்பி அப்படியே தெரியும் ஷாட்டுகள், தற்காலிக ஒலி. லட்சக்கணக்கானவர்கள் இறக்கிப் பார்த்தார்கள். ஸ்டுடியோவோடு ஒரே குழுமத்தைச் சேர்ந்த செய்தித் தளத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பத்தி எழுத்தாளர் அந்தப் பிரதியைப் பார்த்து விமர்சனமே எழுதிவிட்டார். பாராட்டித்தான் எழுதினார், வேலை போய்விட்டது. படம் அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 8.5 கோடி டாலர் வசூலித்தது, ஆக ஸ்டுடியோ முழுகிப்போகவில்லை. ஆனால் சி.ஜி.யிலும் ஒலியிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களின் வேலையை, அவர்கள் முடிக்கும் முன்பே உலகம் மதிப்பிட்டுவிட்டது. அரை வேக்காட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு சமையல்காரரைத் திட்டுகிற கதை. பின்னணி இசை இல்லாத நம் படம் ஒன்றை யாராவது பார்த்திருந்தால் இதன் வலி புரியும். கைதட்டல் வாங்கும் அதே காட்சி, இசை இல்லாமல் பார்த்தால் சிரிப்பாக இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2004 முதலே திருட்டு வீடியோ குற்றவாளிகள் குண்டர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். ஓராண்டு வரை ஜாமீன் இல்லாமல் உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம், வனக் குற்றம் எல்லாம் இருக்கிற அதே பட்டியல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது, மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு சிறை, 3 லட்சம் ரூபாய் முதல் படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5% வரை அபராதம் என்று கடுமையாக்கினார்கள். 200 கோடி ரூபாய்ப் படம் என்றால் 10 கோடி வரை போகலாம்.

ஆனால் அந்தத் திருத்தத்தின் வாசகத்தைப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. புதிய பிரிவுகளில் ஒன்று, படம் திரையிட உரிமம் பெற்ற இடத்தில் கருவி கொண்டு பதிவு செய்வதைப் பற்றியது. இன்னொன்று, திருட்டுப் பிரதியை இலாபத்துக்காகப் பொதுமக்களுக்குக் காட்டுவதைப் பற்றியது. அதாவது பின்வரிசைக் கேமராக்காரரையும் அதை வைத்துச் சம்பாதிப்பவரையும் மனதில் வைத்து எழுதியது. எடிட்டிங் அறையிலிருந்து கோப்பை எடுத்து, காசு வாங்காமல் நண்பனுக்குக் கொடுத்தவர் இதில் நேராகப் பொருந்துவதில்லை. அவருக்குப் பதிப்புரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம், நம்பிக்கை மோசடி என்று வேறு பிரிவுகளைத் தேட வேண்டும். அமெரிக்கா 2005-லேயே இதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. இன்னும் வெளியாகாத படைப்பை இணையத்தில் ஏற்றினாலே மூன்று ஆண்டு வரை சிறை, பண நோக்கம் இருந்தால் ஐந்து ஆண்டு.

ஏறிய பிரதியை இறக்குவதற்கு நம்மிடம் இருக்கும் ஆயுதம் ‘அசோக் குமார்’ உத்தரவு. இன்னார்தான் குற்றவாளி என்று தெரியாதபோது ஒரு கற்பனைப் பெயரின் மேல் தடை வாங்குவது. 2012-இல் தனுஷ் நடித்த ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்படி ஒரு தடை வாங்கினார்கள். அதைக் காட்டி இணைய நிறுவனங்கள் முழு முழுத் தளங்களையே மூடிவிட்டன. ஒழுங்காக வீடியோ போட்டுக்கொண்டிருந்த விமியோ தளம்கூடப் பலருக்குத் திறக்கவில்லை. பெரிய எதிர்ப்பு கிளம்பி, ஜூன் மாதம் நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று விளக்கம் கொடுத்தது. இன்று பெரிய படம் எதுவானாலும் ரிலீசுக்கு முன்பே இந்தத் தடையை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், படத்துக்குத் தேங்காய் உடைப்பது மாதிரி அதுவும் ஒரு சடங்காகிவிட்டது. ஒரு தளத்தை மூடினால் கடைசி எழுத்தை மாற்றி இன்னொன்று வரும், டெலிகிராமில் குழு மாறும்.

பிடிபடுபவர்கள் யார் என்று பார்த்தால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே வரிசைதான். ‘பிரேமம்’ தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோதே 2015-இல் அதன் சென்சார் பிரதி இணையத்தில் வந்தது. கேரள போலீஸ் முதலில் பிடித்தது மாணவர்களை, பிறகு திருவனந்தபுரம் தணிக்கை அலுவலகத்தின் தற்காலிக ஊழியர்களை. பெடனா வழக்கில் ஓர் உதவியாளர், ஒரு கான்ஸ்டபிள், அவர்களின் நண்பர்கள். கோடிக்கணக்கில் மதிப்புள்ள பிரதியை மாதச் சம்பளத்துக்குத் திண்டாடும் ஒருவரின் மேசையில் கடவுச்சொல் இல்லாமல் வைத்தவர் யார் என்று எந்தக் குற்றப்பத்திரிகையும் கேட்பதில்லை.

‘வுல்வரின்’ வழக்கை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. விசாரித்தது. கடைசியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கண்ணாடி பொருத்தும் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்தார்கள். தெருவில் 5 டாலருக்கு ஒரு திருட்டு டிவிடி வாங்கினேன், அதைத்தான் ஏற்றினேன் என்றார் அவர். 2011 டிசம்பரில் அவருக்கு ஓராண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. தெருவுக்கு வந்த அந்த டிவிடியை முதன்முதலில் ஸ்டுடியோ பக்கத்திலிருந்து எடுத்து வந்த ஆள் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை.